மனசு அண்ணாச்சி வேலை பிரித்த விதம்

தூத்துக்குடியில் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடலாம், காற்றுகூட எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடலாம். மனசு அண்ணாச்சி எந்தப் பக்கம் திரும்புவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எழுபதுகளில் பீச் ரோட்டில் நான் வேலை பார்த்த, கப்பல் சரக்குக்குக் கணக்கு பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு அவர்தான் ஹெட் கிளார்க்.

காலையில் வேலை பிரிக்குமுன் ஒவ்வொருத்தரிடமும் வந்து, "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் சேர்ந்த அன்று, இது ஏதோ பரீட்சை என்று நினைத்து, "ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"அப்படியா. அப்ப இன்னைக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

மறுநாள் சூதானமாக, "சரியில்லை" என்றேன். ஆபீசில் தேங்கிக் கிடந்த கடிதம் முழுவதையும் என் தலையில் கட்டினார். "சும்மா இருந்தா மனசு ஆளைத் தின்னுபோடும்லே" என்றார். அதே பதிலைச் சொன்ன டைப்பிஸ்ட் தங்கத்திடம், "ஏளா, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார்.

இதில் என்ன கணக்கு என்று டீக்கடையில் மாநாடு போட்டோம். சொல்லிவைத்து எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிப் பார்த்தோம். ஆளுக்கொரு வேலை வந்தது. மேனேஜரிடம் முறையிட்டால், "நானும் அவர்கிட்ட கேட்டேன். என்னை அரை நாள் லீவு போடச் சொல்லுதாரு" என்றார்.

அப்போது புது ஹார்பரில் கல்கத்தாவுக்கு உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நின்றது. மூட்டை எண்ணும் கிளார்க் மணப்பாட்டுச் சூசை. அவன் அப்பா தோணி ஓட்டுகிற தண்டல். கொழும்புக்குப் போனவர் திரும்ப வேண்டிய நாள் தாண்டியும் வரவில்லை. கடலில் புயல் என்று பேச்சு. சூசையோ, "மனசு நல்லா இருக்கு அண்ணாச்சி, வேலையைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எண்ணப் போனான். அவன் எண்ணிக்கையும் கப்பல்காரர்கள் எண்ணிக்கையும் சேரவில்லை. மறுபடி எண்ணினான்; இன்னும் தள்ளிப் போனது. கணக்கு சேராமல் கப்பல் கிளம்பாது. கிளம்பாவிட்டால் கப்பல் கம்பெனி வேறு ஏஜென்ட்டைப் பார்க்கும். நாங்கள் வேறு ஆபீஸ் பார்க்க வேண்டும்.

மேனேஜர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணாச்சி, "சூசை, உனக்கு வேற டியூட்டி. பழைய ஹார்பருக்குப் போ. வார தோணியெல்லாம் பாத்து வந்து சொல்லு" என்றார்.

"நம்ம ஆபீசுக்கும் தோணிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் இல்லை சார்."

சொல்லிவிட்டு, எங்கள் எல்லோரையும் மூட்டை எண்ண இழுத்துப் போனார், மேனேஜர் உட்பட. பேண்டெல்லாம் உப்பாக, தான் எதற்கு எண்ணுகிறோம் என்பதே புரியாமல் மேனேஜர் எண்ணி முடித்தார். கணக்கு சேர்ந்தது. கப்பல் கிளம்பியது.

மறுநாளும் சூசைக்கு அதே டியூட்டி. மத்தியானம் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அப்பா வந்துட்டாரு. பாய்மரம் ஒடிஞ்சு, எங்கனயோ கரை ஒதுங்கி, சரிபண்ணி வந்திருக்காரு" என்றவன், அண்ணாச்சி மேஜையில் தலையைச் சாய்த்து அழுதான். அண்ணாச்சி, நனையாமல் இருக்க ஃபைலை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

மேனேஜர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"அவன் இங்கன இருந்தப்பவும் அங்கனதான் சார் இருந்தான். உடம்பையும் அனுப்பி வச்சேன்."

"சரி, மத்த நாள்ல ஒருத்தனுக்கு லீவு, ஒருத்தனுக்கு வேலைன்னு பிரிக்கீரே, அது?"

"அது எனக்கும் புரியலை சார். மூஞ்சியைப் பாத்தா வாயில வந்துருது."

அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீசில் வேலை பார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் யாருக்கு என்ன வேலை என்பது தெளிவாக இருந்தது. ஒன்றும் புரியாத அந்த ஆபீசுக்குத்தான், காலையில் சைக்கிளை வேகமாக மிதித்துப் போனேன்.