மான்கள் புகார் தருவதை நிறுத்திய கோடை

ஒரு காட்டில் குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோடை வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகமெடுக்கும். மானும் தண்ணீர் குடிக்க வரும், சிறுத்தையும் தண்ணீர் குடிக்க வரும். வந்த சிறுத்தை தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளாது. அதனால் காட்டு நலச் சங்கம் ஓர் இணையதளம் வைத்திருந்தது. யார் எப்போது குளத்துக்கு வரலாம் என்று அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரவர் நேரம் அவரவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு தேவாங்கு. பெயர் நிதானம். பகலெல்லாம் தூங்க வேண்டிய பிறவி. ஆனால் சங்க அலுவலகம் பகலில்தான் என்பதால், முட்டைக் கண்ணை விரித்துக்கொண்டு திரைமுன் உட்கார்ந்திருக்கும். கூலி, நாளுக்கு ஒரு கைப்பிடி வெட்டுக்கிளி.

தளம் ஓடிய மென்பொருள் இலவசம். பல காட்டு எறும்புகள் கூடி எழுதி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க, பிரிச்சுப் பாருங்க, திருத்துங்க' என்று பொதுவில் வைத்தது. அதன் மேல், யாருக்கு எந்த நேரம் என்று குள முறையைப் பிரித்துக் கொடுக்கிற ப்ளகின் என்கிற ஒட்டு நிரல் ஒன்று. அதை எழுதியது வேறொரு காட்டில் இருந்த ஓர் ஆமை. முட்டையிடுகிற வேலை போக மிச்ச நேரத்தில், சும்மா, ஓர் ஆசைக்கு எழுதியது.

நிதானத்தின் வேலை வெளியே தெரியாத வேலை. எறும்புகள் புதிய பதிப்பு விட்டால் அதை நேரே தளத்தில் போடாது. தளத்துக்கு ஒரு நகல் வைத்திருந்தது. முதலில் அதில் போட்டு, மானாக நுழைந்து பார்க்கும், சிறுத்தையாக நுழைந்து பார்க்கும், முள்ளம்பன்றியாகக்கூட நுழைந்து பார்க்கும். எல்லாம் சரியென்றால்தான் உண்மைத் தளத்துக்குக் கொண்டுவரும். இதனால் அந்தக் காட்டில் என்ன நடந்தது என்றால், ஒன்றுமே நடக்கவில்லை.

புகார்கள் மட்டும் வந்தன. பெரும்பாலும் மான்களிடமிருந்து.

"எழுத்து பொடியா இருக்கு."

"பின்னாடி ஏன் பச்சை போட்டீங்க? புல்லுன்னு நினைச்சுத் திரையை நக்கிட்டேன்."

"நேத்து மாத்துன படம் எனக்கு இன்னும் பழசாவே தெரியுது."

நிதானம் எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் போடும். சிறுத்தை மாசிலாமணி மட்டும் வாரந்தவறாமல் ஒரே கோரிக்கை அனுப்பும்: "மான்களின் நேரத்தை எனக்கும் காட்டினால் வசதியாக இருக்கும்." அதற்கும் பணிவான பதில்தான்: "உங்க கணக்குக்கு அந்த அனுமதி இல்லைங்க அண்ணே."

அந்தக் கோடையில் எறும்புகள் பெரிய பதிப்பு ஒன்றை விட்டன. நிதானம் நகலில் போட்டுப் பார்த்தது. ஆமையின் ப்ளகின் குப்புற விழுந்தது. எந்தப் பிராணியாக நுழைந்தாலும் "உங்கள் நேரம்: காலை ஆறு மணி" என்றே சொன்னது. நிதானம் பதறிப்போய் ஆமைக்கு எழுதியது. "பாக்குறேன் தம்பி. மண்ணுக்குள்ள கிடக்கேன், கொஞ்சம் பொறு" என்று பதில் வந்தது. சரி, பொறுப்போம் என்று உண்மைத் தளத்தைத் தொடாமல் விட்டது. தொடாமல் விட்டதால், நிர்வாகப் பக்கத்தின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் புள்ளிதான் வினையாக முடிந்தது.

சங்கக் கூட்டம் கூடியது. தலைவர் கொம்பையா என்கிற காட்டெருமை. அவர் பக்கத்தில் நரி சம்புலிங்கம். அதற்கு என்ன பதவி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கும்.

"தேவாங்கு தம்பி, இந்த வருஷம் நீங்க என்னதான் பண்ணுனீங்க?" என்றார் கொம்பையா.

"தளம் விழாம பாத்துக்கிட்டேன் அய்யா."

"அது எங்க விழுந்துச்சு, நீங்க பாத்துக்கிறதுக்கு?"

சபை சிரித்தது. நரி எழுந்தது.

"தலைவரே, மென்பொருளே ஓசி. ஓசிச் சாமானுக்குக் காவல் இருக்க வெட்டுக்கிளியா? சரி, அதை விடுங்க. இந்தச் சிவப்பைப் பாருங்க. 'புதுப்பிக்கவும்'னு அதுவே கெஞ்சுது. பக்கத்துலயே பொத்தான். ஒரு அமுக்கு. அதுக்குக்கூட இவருக்கு உடம்பு வளையலை."

"அய்யா, அதை அமுக்குனா குள முறை போயிடும். ஆமையம்மா திருத்தி அனுப்பட்டும், அப்புறம்..."

"யாரு ஆமை? நம்ம சங்கத்து உறுப்பினரா?" என்றார் கொம்பையா.

"இல்லைங்க. வேற காடு. சும்மா செஞ்சு குடுக்கிறாங்க."

"கேட்டுக்கோங்க!" என்று நரி கையை விரித்தது. "சம்பளம் வாங்காத ஆமைக்காகத் தேவாங்கு காத்திருக்காராம். இவர் வேகத்துக்கு அவங்கதான் பொருத்தம்."

கொம்பையாவுக்குச் சிவப்பு என்றாலே ஆகாது. "அமுக்குய்யா" என்றார்.

நரி அமுக்கியது. திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. சிவப்புப் புள்ளி மறைந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அங்கேயே நரி தளப் பொறுப்பாளராக்கப்பட்டது. தேவாங்கின் கடவுச்சொல் ரத்தானது. தளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பத் தேவையான எல்லாம் நிதானத்திடம் இருந்தன. உள்ளே நுழையத்தான் வழியில்லை.

மான்களிடமாவது சொல்லிவிடலாம் என்று கிளம்பியது. தேவாங்குக்கு ஓட வராது. ஒரு கையை வைத்து, யோசித்து, மறுகையை வைத்து, கிளை கிளையாகப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மான் கூட்டத்துக்கு மூத்தவள் கோமளம் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"கோமளம் அக்கா, நாளைக்குக் காலையில குளத்துப் பக்கம் போயிடாதீங்க. எல்லாருக்கும் அதே ஆறு மணிதான் காட்டுது. சிறுத்தைக்கும்."

"தளத்துல எங்க நேரம் ஆறு மணின்னு தெளிவாப் போட்டிருக்கே."

"அது தப்பு அக்கா."

"ஏன் தம்பி, இத்தனை கோடையில அந்தத் தளம் ஒரு தடவையாவது தப்பாச் சொல்லியிருக்கா?"

நிதானம் வாயைத் திறந்தது. 'இல்லை' என்பதைத் தவிர அதனிடம் வேறு பதில் இல்லை. அந்த ஒரு 'இல்லை'யைச் சம்பாதிக்கத்தான் அது இத்தனை பகலும் தூங்காமல் கிடந்தது.

"வேலை போன வயித்தெரிச்சல்ல பேசாதப்பா" என்றாள் கோமளம். "எழுத்துதான் பொடி. மத்தபடி அது நம்பிக்கையான தளம்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாரும் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

அதற்கடுத்த சங்கக் கூட்டத்தில் நரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிக்கை வாசித்தது. "தலைவரே, நான் பொறுப்புக்கு வந்த பிறகு மான்கள்கிட்ட இருந்து ஒரு புகார் இல்லை. எழுத்தைப் பத்தி இல்லை, பச்சையைப் பத்தி இல்லை. பயனர் கருத்தையும் பாருங்க." திரையில் மாசிலாமணி ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தது: "மிகவும் வசதி. நான் கேட்டதற்கு மேலேயே செய்து கொடுத்துவிட்டார்கள்."

கொம்பையா நரிக்கு மாலை போட்டார்.

கடைசி வரிசையிலிருந்து நிதானம் கையைத் தூக்கியது. "அய்யா, ஆமையம்மா திருத்தம் அனுப்பிட்டாங்க. இன்னைக்கே போட்டா குள முறை பழையபடி வந்துடும்."

"எதுக்குத் தம்பி?" என்றார் கொம்பையா, உண்மையிலேயே புரியாமல். "ஒரு புகாரும் இல்லாம ஓடுற தளத்துல யாராவது கை வைப்பாங்களா?"

முயல்களிடமிருந்து மட்டும் இன்னும் சில புகார்கள் வந்துகொண்டிருந்தன. வார முடிவுக்குள் அவையும் நின்றுவிடும் என்று நரி சபைக்கு வாக்குக் கொடுத்தது.

நீதி: புகார்களைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு, பிழையைத் திருத்துவது அவற்றில் மெதுவானது.