மாப்பிள்ளைக்கு ஐந்து ஸ்பீக்கர்

பின்பக்கத்து ஸ்பீக்கர்கள் இரண்டும் மூச்சுக்கூட விடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் வேன் ஏறாவூரைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்துவிட்டது.

காத்தான்குடிப் புடவைக்கடைக்காரன் ஸாஜித், டிவிக்குப் பின்னால் தலையைக் கொடுத்துவிட்டுக் கால்களை மட்டும் ஹாலில் விட்டிருந்தான். விஷயம் இதுதான். மகள்மாருக்குச் சீதனமாக ஆளுக்கொரு வீடு என்பது ஊர் வழக்கம். மூத்தவள் நஸீபாவுக்குக் கொடுத்த இந்த வீட்டில்தான் அவள் கணவன் ஸாஜித் ஏழு வருடமாக மருமகனாக வீற்றிருக்கிறான். இளையவள் முப்லிஹாவுக்குப் பின்வளவில் எழும்பும் வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. அதைக் கண்டால் அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் மூத்த சகோதரி நாள் குறிக்கமாட்டாள்.

மாப்பிள்ளை றிஸ்மியோ கேம் என்றால் சோறு தண்ணி மறக்கிறவனாம். ஸாஜிதுக்கு அது போதும்.

"நீங்க யோசிக்காதீங்க மாமா. கடைக்கு வாற ஆள் எதப் பாக்கணும் எண்டு முடிவெடுக்கிறது நான்தான்."

வந்தவர்களை ஹாலிலேயே கட்டிப்போட ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ரிசீவரும் வாங்கிவந்துவிட்டான். கேம் பெட்டியை டிவியில் சொருகினான். படம் வந்தது, சத்தம் முன்னால் மட்டும். டவுனில் இருக்கும் ரேடியோ திருத்துநர் பீலிக்ஸைத் தொலைபேசியில் பிடித்தான்.

"டிவிய விடும் ஐசே. பெட்டிய ரிசீவருக்குக் குடும், ரிசீவர டிவிக்குக் குடும்."

கொடுத்தான். சத்தம் வந்தது, படம் போய்விட்டது. வயரைத் துளை மாற்றிச் சொருகினான். படம் திரும்பிவந்தது, ஆனால் இடப்பக்கம் அடித்த பந்து வலப்பக்கம் சத்தம் போட்டது. அதையும் மாற்றினான். பின்னால் மட்டும் அதே மௌனம். வயர் அறுந்திருக்குமோ என்று நஸீபாவின் போனை புளூடூத்தில் ரிசீவரோடு இணைத்துப் பார்த்தான். ஐந்தும் பாடின. வயரில் குற்றமில்லை. வேன் அதற்குள் கல்லடிப் பாலத்துக்கு வந்துவிட்டதாம்.

நஸீபா போனைப் பறித்துக்கொண்டு சர்பத் கரைக்கக் குசினிக்கு ஓடினாள்.

வந்தவர்களுக்கு சர்பத் வந்தது. றிஸ்மி வெட்கத்தோடு விளையாட உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியும் பின்பக்கம் ஊமை. ஸாஜித் புன்னகை மாறாமல் ரிமோட்டில் அகப்பட்டதையெல்லாம் அமுக்கினான். ரிசீவர் கேமைக் கைவிட்டு நஸீபாவின் போனைப் பிடித்தது. அவளோ அந்த நேரம் பார்த்துக் குசினியில் சின்னம்மா முறையான சாச்சி அனுப்பிய குரல்பதிவைத் திறந்தாள்.

"நஸீபா, வந்தாக்கள் பின்வளவுக்குப் போகாமப் பாத்துக்க. கூரையில்லாத ஊட்டக் கண்டா எழும்பிப் போயிடுவாங்க."

ஐந்து திசையிலிருந்தும் சாச்சி பேசினாள். 'எழும்பிப் போயிடுவாங்க' என்ற இடத்தில் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

மாமனார் மேலே சுற்றும் காற்றாடியை ஆராயத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் முப்லிஹா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். மாப்பிள்ளையின் சகோதரி சர்பத் கிளாஸை மேசையில் வைத்தாள்.

றிஸ்மி மட்டும் எழும்பி வந்து, அண்ணனிடம் வாங்குவதுபோல ஸாஜிதின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினான்.

"பெட்டிக்குள்ள சவுண்ட் செட்டிங் இன்னும் டிவியிலதான் கிடக்கு காக்கா. நான் மாத்துறன்."

மாற்றினான். சோபாவை இரண்டடி பின்னுக்குத் தள்ளினான். அலுமாரியை ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னான், ஸாஜித் நகர்த்தினான். பிறகு பந்து வலைக்குள் போனது. முதுகுக்குப் பின்னால் மைதானமே எழும்பி நின்று கத்தியது. மாமனார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். சகோதரியும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். றிஸ்மி ஸாஜிதின் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து காலை நீட்டினான்.

சகோதரி சர்பத் கிளாஸை மறுபடி கையில் எடுத்தாள். மூன்று கோல் போனபின் அவன் அக்காவின் காதில் ஏதோ சொன்னான். அவள் சுவர், ஜன்னல், மேலே ஓடு எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். ஸாஜித் மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்தான். சரக்கு விலைபோய்விட்டது.

"நாள் குறிப்பம் காக்கா," என்றாள் அவள் ஸாஜிதிடம். "தம்பிக்கு இந்த ஊடே பிடிச்சிட்டாம். கூரையில்லாத ஊட்டுக்கு நீங்க எப்ப மாறுறீங்க?"