உறை பிரிக்காத மனிதர்

இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புதுப்பொருள் எது வந்தாலும் அதன் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக் கடைசிவரை உரிக்க மாட்டார்; ரிமோட்டுக்கு உறை போட்டு, உறைக்கு ரப்பர் பேண்டு போட்டு, எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்குவார்; விருந்தாளிக்கென்று வாங்கிய கண்ணாடித் தம்ளரை, வந்த விருந்தாளி அந்தத் தகுதிக்கு எட்டவில்லை என்று மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் அடக்கம் செய்வார். பொருள் பழசாகிவிடக் கூடாது. மனிதர்கள் பழசானால் பரவாயில்லை.

வீட்டோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சாவிக்கொத்தோடு வேலைக்கும் போகிறாரே, அதுதான் சங்கடம். எங்கள் பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இவர் பொறுப்பில் இருந்தது. பூட்டிய பீரோவின் கண்ணாடி வழியாக ஒரு பக்க உலகத்தைத்தான் பார்த்தோம். மறுபக்கத்து நாடுகளைப் பரீட்சையில் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம்? நூலகத்தில் இவர் இருந்தால், வாசகர் உள்ளே வரும்போதே திருடனைப் பார்ப்பது போல் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் இருந்தால்? அங்கேதான் இவரை மிக நெருக்கத்தில் பார்த்தேன்.

அக்காவுக்கு மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, பிறந்ததென்று சொல்வதைவிட அவசரமாகக் கிளம்பி வந்தது என்று சொல்லலாம், அவ்வளவு சின்ன உருவம். மூச்சு பரவாயில்லை, உடம்பில் சூடுதான் நிற்க மாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். அதற்கு வார்மர் என்றொரு மெஷின் உண்டு. மேலே வெப்பம் கொடுக்கும் விளக்கு, கீழே குட்டி மெத்தை. வார்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அதில் ஏற்கெனவே மூன்று குழந்தைகள், கூட்ட நேரத்துப் பஸ் சீட்டில் போல நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இவளையும் போட்டால் ஒருத்தருக்கு வந்த கிருமி எல்லோருக்கும் வரும். அக்காவுக்கோ இன்னும் மயக்கம் தெளியவில்லை. எனவே மாமா, அதாவது அக்கா புருஷன், சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தால்கூட யாரிடமாவது அனுமதி வாங்கித்தான் தும்முவார் போலிருந்தது.

"இப்போதைக்கு இது தாங்கும், ஆனா வார்மர்ல வச்சே ஆகணும்," என்றார் நர்ஸ். "புதுசு ஒண்ணு ஸ்டோர்ல இருக்கு. கேட்டுக் கேட்டு எனக்கு வாய்தான் வலிக்குது."

ஸ்டோருக்குப் போனேன். பொறுப்பாளர் நாற்காலியில் நம்மவர். நாற்காலிக்கும் பிளாஸ்டிக் உறை, அசைந்தால் சரசரக்கும். அவருக்குப் பின்னால் அந்த வார்மர். கம்பெனி போட்ட உறை, அதன் மேல் இவர் போட்ட உறை, அதற்கும் மேல் ஒரு பெட்ஷீட். ஆஸ்பத்திரியிலேயே குளிர் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"சார், அந்த மெஷின் ஓடாதா?"

"ஏன் ஓடாது? புத்தம் புதுசு தம்பி. ஒரு கீறல் காட்டு பாப்போம்."

"குழந்தைக்கு வேணும் சார்."

"இன்னும் திறப்பு விழா நடக்கலியே. பெரியவங்க யாராவது வரணும், ரிப்பன் வெட்டணும். அதுக்குள்ள அழுக்காச்சுன்னா யாருக்குத் தலைகுனிவு?"

"விழாவுக்கு முன்னாடி துடைச்சுடலாமே."

"துடைச்சா கீறல் விழும்."

கெட்டவரா என்றால் இல்லை. குழந்தையைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகவே உச்சுக்கொட்டினார். "நல்லா வரும், கவலப்படாத," என்றார். அன்பு அவரிடம் நிறைய இருக்கிறது. அதையும் பிரிக்காமல்தான் வைத்திருக்கிறார்.

இவரிடம் கெஞ்சி என்ன, அதட்டி என்ன? உயிர் போகும் என்றால் இவருக்கு வருத்தம்; பொருள் போகும் என்றால்தான் பயம்.

"சரி சார். எப்படியும் சாயந்திரம் தூக்கிட்டுப் போயிடுவாங்க," என்று கிளம்பினேன்.

"யாரு? எதை?"

"பிரிக்காம கிடக்குற மெஷினையெல்லாம் வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறாங்களாமே. லிஃப்ட்ல இறங்குமா, படியில உருட்டணுமான்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

நாற்காலி சரசரத்தது. "படியிலயா? சக்கரம் பேத்துக்குமே."

"அவங்களுக்கு என்ன சார், அவங்க வச்சிக் காப்பாத்துன மெஷினா?"

எழுந்து போய் மெஷினின் பெட்ஷீட்டை இன்னும் இறுக்கிப் போர்த்தினார். பிறகு குரல் இறங்கியது. "பிரிச்சிருந்தா எடுக்க மாட்டாங்கல்ல?"

"புள்ள படுத்திருக்கறதை எப்படி சார் எடுப்பாங்க?"

பெட்ஷீட் ஒரு பக்கம் பறந்தது. அவர் உறை ஒரு பக்கம், கம்பெனி உறை ஒரு பக்கம். யாரையும் தொடவிடாமல் தானே தள்ளிக்கொண்டு வராந்தாவில் ஓடினார்; எதிரே வந்த டாக்டரையே ஓரமாகப் போகச் சொன்னார். நர்ஸ் மருந்துத் துணியால் மெஷினைத் துடைத்தபோது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சூடேறியதும் குழந்தையை மாமாவின் நெஞ்சிலிருந்து எடுத்து மெத்தையில் கிடத்தினார்கள். மாமா அப்போதுதான் தும்மினார்.

"பாத்து சிஸ்டர், பாத்து. மெத்தை அழுக்காயிடப் போகுது," என்றார் நம்மவர்.

எங்கள் வீட்டுப் பெண் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மெத்தை நனைந்தது.

நம்மவர் தலையில் கைவைத்துக்கொண்டார். நர்ஸுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "காலைலேருந்து இதுக்குத்தானேடி காத்துக்கிட்டு இருந்தேன். கிட்னி வேலை செய்யுது." ஆக, திறப்பு விழா இனிதே முடிந்தது. சிறப்பு விருந்தினர் அதற்குள் தூங்கிவிட்டார். நான் போய்க் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, அவள் உள்ளங்காலை ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நம்மவரை நினைத்து நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும், நல்ல சந்தர்ப்பம் வரட்டும் என்று மடிப்புக் கலையாமல் ஒரு கம்பளி இருக்குமே? இப்போது வீட்டில் யாருக்குக் குளிர்கிறது என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் சிரிப்பு மிச்சமிருந்தால், சேர்ந்து சிரிக்கலாம்.