வாசகர்கள் ஐவர் தேவை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. செந்தில்முருகன் அவர்களுக்கு, தங்கள் பத்திரிகையின் முன்னாள் துறைமுகச் செய்தியாளன் இசக்கியப்பன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் அது தவறான தகவலாகிவிடும். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாங்கள் "பரவாயில்ல சார், விடுங்க" என்று வைத்துவிடுவீர்கள். எனக்கு அந்தப் பரவாயில்லை வேண்டாம். நடந்தது நடந்தபடி எழுத்தில் இருக்கட்டும்.

போன புதன்கிழமை காலை 11.20க்குத் தாங்கள் அழைத்தீர்கள். வாரப் பதிப்பில் 'இப்போது என் கையில்' என்று புதுப் பக்கம் வருகிறது, ஊருக்கு ஐந்து வாசகர்கள், என்ன வாசிக்கிறார்கள், யாருக்குப் பரிந்துரைக்கிறார்கள் என்று இரண்டே கேள்விகள், படத்தோடும் என் பெயரோடும் முதல் வாரப் பக்கம் தூத்துக்குடிக்கு, அடுத்த வெள்ளிக்குள் வேண்டும் என்றீர்கள். வராவிட்டால் பக்கத்தைத் திருநெல்வேலிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சிரித்தீர்கள். செந்தில், அது சிரிக்கிற விஷயமா? ஓய்வு பெற்ற இந்த ஆறு வருடத்தில் என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, மின்தடை பற்றி ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் கீழே, அதுவும் 'இசக்கியம்மன்' என்று. அதனால்தான் நான் உணர்ச்சிவசப்பட்டு, "தூத்துக்குடியில் வாசகர்களுக்கா பஞ்சம்? கையைப் பிடித்து இழுத்தால் ஐம்பது பேர் வருவார்கள்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதை மறுக்கவில்லை. 11.40க்குள் என் மனைவி அருணாசலவடிவு ஏரலில் இருக்கிற தன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, வீட்டுக்காரர் பெயர் பேப்பரில் வருகிறது என்று சொல்லியும் முடித்துவிட்டாள். பின்வாங்க வழியில்லை.

அன்றைக்கே ஒரு அறிவிப்பு எழுதினேன். அதன் முழு வாசகம் இது: "வாசகர்கள் ஐவர் தேவை. இப்போது வாசிப்பது என்ன, யாருக்குப் பரிந்துரை என்று தெரிவிக்க வேண்டும். தேர்வாகும் ஐவரின் படம் பத்திரிகையில் வரும். ஞாயிறு காலை பத்து மணி, இசக்கியப்பன் வீடு." இதில் எழுத்துப் பிழையோ சந்திப் பிழையோ இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் தெருமுனையில் மாதா கோயிலை ஒட்டி ஒரு டீக்கடை உண்டு, அதன் சுவரில் ஒட்டினேன். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் செய்தி சேகரித்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பாய். துறைமுகமும் கோர்ட்டும்தானே என் பொறுப்பு? கோயில் செய்திக்கு வேறு ஆள் இருந்தார். எத்தனை மணிக்கு எந்தக் கப்பல் வந்தது என்று கேள், சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் இருபத்து மூன்று பேர். எல்லோரும் தேய்த்த சட்டை, பட்டுச் சேலை. அருணாசலவடிவு எட்டுப் பேருக்கு டீ போட்டிருந்தாள். முதலில் வந்து உட்கார்ந்தவர் இனிகோ, சரக்குத் தோணியில் எஞ்சின் டிரைவராக மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய் வந்து ஓய்வு பெற்றவர்.

"இப்ப என்ன வாசிக்கிய?" என்றேன்.

"ரெண்டாம் வாசகம்."

நாவலுக்கு நல்ல பெயர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன். "நல்லா இருக்கா?"

"நல்லா இல்லாமலா? போன வருசம் நான் வாசிச்சப்ப மைக்கு கெட்டுப் போச்சு. அப்பவும் கொடிமரத்துப் பக்கத்துல நின்னவனுக்குக் கேட்டுச்சே!"

சத்தமாக வாசிக்கும் பழக்கம் உள்ளவர் என்று எழுதினேன். அடுத்தது கிளாடிஸ், எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அம்மாள். அவர் வாசிப்பது முதல் வாசகமாம். சரி, இரண்டு பாகம் போலிருக்கிறது, இனிகோ நேரே இரண்டாம் பாகத்துக்குத் தாவிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

"எத்தன பக்கம் இருக்கும்?"

"அரைப் பக்கம் அண்ணாச்சி."

"எவ்வளவு நாளா வாசிக்கிய?"

"பதினோரு வருசமா. ஒரு எடத்துல தடுமாறுனது கெடையாது."

அரைப் பக்கத்தைப் பதினோரு வருடமாக வாசிக்கிறார் என்றால் எவ்வளவு ஆழமான எழுத்தாக இருக்க வேண்டும்! யார் எழுதியது என்று கேட்டேன். "யாரோ ஒரு தீர்க்கதரிசி" என்றார். புனைபெயராக இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். யாருக்குப் பரிந்துரை என்று கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "எம் மவனுக்குத்தான் அண்ணாச்சி. மாதா பரிந்துரையில அவன் கப்பல்ல ஏறிட்டான்னா போதும்." மாலுமிகள் அவசியம் படிக்க வேண்டிய நூல் என்று எழுதிக்கொண்டேன். இப்படியே ஏழு பேர். ஏழு பேரும் முதல் வாசகம் அல்லது இரண்டாம் வாசகம். ஒரே நாவலை ஊரே வாசிக்கிறது, இது முதல் பக்கச் செய்தி என்று உன்னை அழைக்கப் போனை எடுத்தேன். எடுத்தது உண்மை, நீ பேசிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஏரலிலிருந்து என் மனைவியின் சித்தி மகன் செந்தூர்பாண்டி நீளமான உறையோடு உள்ளே வந்தான்.

"அத்தான், இங்கனயே வாசிக்கவா, வெளிய நின்னு வாசிக்கவா?"

அவன் நாதஸ்வரக்காரன். "வாசிக்குத ஆளு அஞ்சு பேரு வேணும், படம் பேப்பர்ல வருதுன்னு அக்கா சொன்னாளே! நான் வந்துட்டேன். தவில்காரரு முத்தையாபுரத்துல டீ குடிக்க எறங்குனாரு, பஸ்காரன் அவர விட்டுட்டு எடுத்துட்டான். அடுத்த பஸ்ல வாராரு" என்று சொல்லிக்கொண்டே சீவாளியை வாயில் வைத்து ஊதியும்விட்டான். இனிகோ எழுந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி இது? வாசகர் தேர்வுல மேளம் எதுக்கு?"

"என்ன தேர்வு?"

"திருவிழாப் பூசைக்கு வாசகம் வாசிக்க ஆள் எடுக்கியள்லா? சாமிதான் உங்ககிட்டப் பொறுப்ப விட்டுருக்காருன்னு சொன்னாவ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூசையில் பீடத்தருகே நின்று வேதத்திலிருந்து வாசிக்கிறவர்தான் இந்தக் கரையில் வாசகர். அவர் வாசிக்கிற பகுதி முதல் வாசகம், இரண்டாம் வாசகம். பரிந்துரை என்பது மாதா நமக்காகக் கடவுளிடம் பேசுவது. திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள், யாருக்கு எந்த வாசகம் என்று தெருவே காத்திருக்கிற நேரத்தில் நான் போய் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். பங்குச் சாமியார் என்னிடம் எதையும் விடவில்லை என்று சொன்னேன். அதற்குள் அவர்களுக்குள்ளேயே பற்றிக்கொண்டது.

"பெரிய பூசைக்கு இவராக்கும்? இவரு தொண்டையத் தெறந்தா தோணி எஞ்சின் கெளம்புத மாதிரில்லா இருக்கும்!" என்றார் கிளாடிஸ்.

"ஏளா, நீ வாசிச்சா தையல் மிசின் ஓடுத மாதிரி. எங்கன நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

நான் கையெடுத்துக் கும்பிட்டு, வாசகர் என்றால் புத்தகம் படிக்கிறவர்கள் என்று விளக்கினேன். "அத 'புக்கு படிக்கவன்'னு எழுதவேண்டியதானே" என்றார் இனிகோ. சரி, இங்கே யாராவது புத்தகம் படிக்கிறீர்களா என்று கேட்டேன். ஆளாளுக்குச் சட்டையையும் சேலையையும் நீவிவிட்டுக்கொண்டார்கள். செந்தூர்பாண்டிகூட ஊதுவதை நிறுத்தினான். கடைசியில் கிளாடிஸ் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க இப்ப என்ன படிக்கிய?"

செந்தில், இதை உன்னிடம் மறைக்கக் கூடாது. நான் கடைசியாக ஒரு புத்தகத்தைத் திறந்தது கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால். நான்கு வருடமாக அது முப்பத்தேழாம் பக்கத்தில் ஏரல் பஸ் டிக்கெட்டோடு நிற்கிறது. அருணாசலவடிவு அதை வைத்துப் பால் பாத்திரத்தை மூடுகிறாள். பெயரைச் சொல்ல மாட்டேன், எழுதியவர் மனம் நோகும். அன்று அடுக்களையிலிருந்து அதை எடுத்து வந்து மேஜையில் வைத்து, முப்பத்தேழு பக்கத்துக் கதையையும் சொன்னேன். ஒரு பெண்ணுக்குப் புருஷன் இறந்துவிட்டான் என்று தந்தி வருகிறது. ஊரே கூடி அழுகிறது. சாயங்காலம் அவன் ஒரு பலாப்பழத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான். அவள் தந்தியைப் பார்க்கிறாள், பலாப்பழத்தைப் பார்க்கிறாள்.

"பெறவு?" என்றார் கிளாடிஸ்.

"தெரியாது."

இருபத்து மூன்று பேரும், சம்பவ இடத்துக்குப் போகாமலே செய்தி எழுதியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டீயைக்கூட யாரும் குடிக்கவில்லை. இரண்டு நாளாக நான் தெருமுனைக்குப் போகவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தூத்துக்குடியில் வாசகர்கள் இல்லை. விசாரிக்கப் போனவனே வாசகனாக இல்லை. பக்கத்தைத் திருநெல்வேலிக்குக் கொடுத்துவிடவும். தங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வரட்டும். பத்திரிகைத் தொழிலுக்கு மட்டும் வர வேண்டாம். அலுவலகத்தில் என்னை நினைவு வைத்திருப்பவர்கள் யாராவது மிச்சமிருந்தால் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும்,
இசக்கியப்பன்.
(அம்மன் அல்ல.)

பின்குறிப்பு (புதன்கிழமை): கடிதத்தைக் கூரியரில் போடக் கிளம்பும்போது, மூன்று நாளாகப் பாலை மூடப் புத்தகத்தைக் காணோம் என்று அருணாசலவடிவு சத்தம் போட்டாள். தேடிக்கொண்டு டீக்கடை வரை போனேன். ஞாயிற்றுக்கிழமையே கிளாடிஸ் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கடை பெஞ்சில் அவர் ஒற்றைப்படை அத்தியாயங்களையும் இனிகோ இரட்டைப்படை அத்தியாயங்களையும் எழுந்து நின்று வாசிக்கிறார்கள். நான் எண்ணினேன், கேட்பவர்கள் பத்தொன்பது பேர். அத்தியாயம் முடிந்ததும் பூசைப் பழக்கத்தில் எல்லோரும் "இறைவா உமக்கு நன்றி" என்கிறார்கள். ஊருக்குத் திரும்பாத செந்தூர்பாண்டி உடனே ஒரு சின்ன உருப்படி வாசிக்கிறான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் நடக்கிறது. அந்தப் பலாப்பழம் என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். "முப்பத்தேழுல நிக்கவுகளுக்கெல்லாம் சொல்லுதது இல்ல, பேசாம உக்காரும்" என்று இனிகோ அதட்டிவிட்டார்.

ஆகவே மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். திருநெல்வேலிக்காரர்களிடம் எதுவும் சொல்லிவிடாதே. ஐந்து பேரின் பெயரும் படமும் இணைத்திருக்கிறேன். ஐவரும் வாசிப்பது ஒரே புத்தகம். யாருக்குப் பரிந்துரை என்ற கேள்விக்கும் ஐவரும் தனித்தனியாகச் சொன்ன பதில் ஒன்றுதான்: "இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு."