ஆ தொட்டியின் வெள்ளிக்கிழமைகள்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை, பிற்பகல்.

மீன்தீனி ஆய்வு நிலையத்தின் உதவி ஆய்வு அலுவலரும், என் ஒரே தம்பியின் மூத்த மகனுமாகிய அன்பு மருமகன் திலக்ஷனுக்கு, மாமி இராசமலர் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் உன் மாமாவும் சுகம். அ தொட்டி மீன்கள் இருபதும் சுகம். ஆ தொட்டி மீன்கள் இருபதும் அதனினும் சுகம். அதன் காரணத்தை விளக்கவே இம்மடல். அவ்விடம் நீயும் உன் குளங்களும் குறைவின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

நேற்று உன் தொலைபேசிச் செய்தி கிடைத்தது. “மாமி ரிசல்ட் அனுப்புங்கோ, புதன் மீட்டிங்” என்ற ஐந்து சொற்களும் ஒரு கட்டைவிரல் படமும் இருந்தன. பன்னிரண்டு வார உழைப்பைக் கட்டைவிரல் அளவில் திருப்பி அனுப்புவது முறையன்று என்பதால், முழுக் கடிதமாக எழுதி நாளைக் காலை பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். இந்த மீன்தீனி ஆய்வைச் செய்யும் பன்னிரண்டு வீடுகளின் முடிவுகளும் புதன்கிழமை கூட்டத்தில் வாசிக்கப்படும் என்றும், சிறந்த முடிவைத் தந்த வீட்டாரின் பெயர் ‘ஆய்வாளர்’ என்ற தலைப்பின் கீழ் அறிக்கையில் அச்சாகும் என்றும் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். பிறகு படித்ததெல்லாம் அகராதியிலும், நூலகத்திலும், வறுத்த கடலை பொதிந்து வந்த தாளிலும்தான். என் பெயர் இதுவரை இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கிறது: வாக்காளர் பட்டியலிலும், உன் தங்கையின் திருமண அழைப்பிதழிலும். இரண்டிலும் உன் மாமாவின் பெயருக்கு அடுத்தபடியாக.

ஆய்வின் நோக்கம் உனக்குத் தெரியும். கூட்டத்தில் தெரியாதோரும் இருக்கக்கூடும் என்பதால் சுருங்கச் சொல்கிறேன். வளர்ப்பு மீனுக்குப் போடும் தீனியில் கடல் மீனை அரைத்துச் சேர்க்கிறார்கள். இது தம்பி வீட்டுக்குக் கூரை வேய அண்ணன் வீட்டுக் கூரையைப் பிரிப்பது போன்றது. ஆகவே, நீ வகுத்தபடி, அ தொட்டிக்குத் தவிடும் சோயா மாவும் உப்பிடாத நெத்தலிக் கருவாட்டுத் தூளும். ஆ தொட்டிக்கு நெத்தலியை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகக் கூடுதல் சோயாவும் முருங்கையிலைத் தூளும். மற்ற யாவும் சமம்: மொட்டை மாடியில் ஒரே அளவுத் தொட்டிகள், ஒரே நீர், ஒரே வெயில், ஒரு வயதுத் திலாப்பியாக் குஞ்சுகள்.

தீனியை வெறுமனே உருட்டிப் போட்டால் நீரில் கரைந்துபோகிறது என்பதை முதல் வாரத்திலேயே கண்டேன். ஆகையால் குழைத்த மாவை இடியப்ப உரலில் பிழிந்து, தட்டில் அவித்து, வெயிலில் காயவைத்து, நொறுக்கித் தகரத்தில் அடைத்தேன். இம்முறை உன் கையேட்டில் இல்லை, சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் இந்த நெத்தலி இடியப்பத்தின் வாசனைக்குக் காகங்கள் வந்து, காகங்களை விரட்ட உன் மாமா குடையுடன் மொட்டை மாடியில் நின்று, குடை கடற்காற்றில் பறந்து ரயில் பாதையில் விழுந்து, அதைத் தேடிப் போனவர் குடையில்லாமல் பசியோடு திரும்பி, சமையலறையில் ‘அ’ என்று நான் எழுதி ஒட்டியிருந்த தகரத்தைத் திறந்து, தொலைக்காட்சிச் செய்தி முடியும்வரை உள்ளிருந்ததைக் கொறித்திருக்கிறார். “என்னப்பா, இந்தமுறை ஓமப்பொடிக்கு உப்புக் காணாது” என்றார். அன்று வெள்ளிக்கிழமை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அடுப்பேறியதில்லை. அன்று அது அடுப்பேறாமலே உள்ளே போய்விட்டது. அவர் தோய்ந்துவிட்டு வந்து திருநீறு பூசிக்கொண்டு, “தெரியாமல் தின்டது சேர்த்தியில்லை” என்று தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கினார்.

இதிலிருந்து ஒரு நிருவாகச் சிக்கல் எழுந்தது. வெள்ளிக்கிழமையில் நான் கருவாட்டுத் தூளைத் தொடுவதில்லை. மீன்களுக்கோ வெள்ளிக்கிழமை என்று ஒன்றில்லை. அன்றைய அ தொட்டித் தீனியை உன் மாமாதான் போடுவதாக இருந்தது. தகரச் சம்பவத்தின் பின் அவர் கையில் அதனைக் கொடுப்பது ஆய்வுக்கும் அவருக்கும் நல்லதன்று. எனவே கீழ்மாடி ஹமீமாவிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தேன். பதினெட்டு வருடமாக எனக்குக் கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் தட்டுப்பாடின்றித் தந்துவருபவள் அவள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆ தொட்டிக்கு நான் போட்டுவிட்டுத் தோய்ந்து கோயிலுக்குப் போவேன். பத்து மணிக்கு அவள் அ தகரத்துடன் மேலே போவாள். வேலையைச் சொல்லிக்கொடுத்த நாளில் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இந்த மீனுகள் என்த குத்தம் செஞ்ச? அந்தப் பக்கத்துக்குக் கருவாடு, இந்தப் பக்கத்துக்கு வெறும் முருங்க இல.”

“இது ஆராய்ச்சி, ஹமீமா.”

“ஆராய்ச்சி சரி. பசி ஈக்குதே.”

அறிவியலில் இரக்கத்துக்கு இடமில்லை என்பதை அவளுக்கு எடுத்து விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

உன் மாமா இதற்கிடையில் தனியாக ஓர் ஆராய்ச்சி நடத்தினார். ஆ தொட்டி மீன்கள் மரக்கறி மட்டுமே உண்பதால் அவற்றை வெள்ளிக்கிழமையிலும் சமைக்கலாம் என்பது அவர் துணிபு. “சைவம் தின்ட மீன் சைவம்தானே, இராசு?” என்றார். “அப்பிடிப் பாத்தால் ஆடும் சைவம்தான்” என்றேன். “அதுவும் சரிபோலத்தான் கிடக்கு” என்றார். அவர் எதற்கு உடன்பட்டார் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஞாயிறுதோறும் மீன்களைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஆறாம் வாரம் ஒரு மீன் தராசிலிருந்து துள்ளிச் சுவரைக் கடந்து, கீழே ஹமீமாவின் கொடியில் காய்ந்த தலையணை உறைக்குள் விழுந்தது. அவள் அதனைச் சட்டித் தண்ணீரில் ஏந்திவந்து, “இது இந்தப் பக்கத்துப் புள்ள” என்று, யாரையும் கேளாமல் ஆ தொட்டியில் விட்டாள். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரே நிறமான நாற்பது மீன்களில் அவள் எவ்வாறு அடையாளம் கண்டாள் என்று வியந்தேன்.

இனி முடிவு. பன்னிரண்டாம் வார இறுதியில் அ தொட்டி மீனின் சராசரி நிறை தொண்ணூற்று நான்கு கிராம். ஆ தொட்டி மீனின் சராசரி நிறை நூற்று இருபத்தொரு கிராம். நான்கு முறை நிறுத்தேன். தராசையும் ஒரு கிலோ சீனிப் பொதியை வைத்துச் சரிபார்த்தேன். முருங்கையிலை நெத்தலியை வென்றுவிட்டது. துணை அவதானிப்புகள் இரண்டையும் பதிந்துகொள். ஆ தொட்டி மீன்கள் சனிக்கிழமைகளில் தீனியில் நாட்டம் காட்டுவதில்லை. முதல்நாள் வெள்ளிக்கிழமையின் விரத உணர்வு அவற்றில் தங்கியிருப்பதாக உன் மாமா கருதுகிறார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஆயினும் மரக்கறி உணவு புலனடக்கம் தரும் என்பதற்கு இது ஒரு சான்றாகலாம். அடுத்தது, ஹமீமாவின் நிழல் தெரிந்தாலே ஆ தொட்டி மீன்கள் அனைத்தும் ஒரு மூலையில் திரண்டு வாயைத் திறக்கின்றன. என்னைக் கண்டு அவ்வாறு செய்வதில்லை. வளர்ப்பவரிடம் மீன்கள் அச்சம் கலந்த மரியாதை கொள்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

அறிக்கையில் ‘இராசமலர் சிவபாதசுந்தரம், ஆய்வாளர்’ என்று வரட்டும். இடம் போதாவிட்டால் சிவபாதசுந்தரத்தை விட்டுவிடலாம். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். புதன்கிழமை நானும் கூட்டத்துக்கு வருகிறேன். அன்றைக்கென்று கத்தரிப்பூ நிறச் சேலை சலவைக்குப் போயிருக்கிறது.

நோய் அணுகாமலும், குளம் வற்றாமலும், மேலதிகாரியின் முகம் கோணாமலும் நீ நீடு வாழ்க. தம்பிக்கும் மச்சாளுக்கும் என் அன்பு.

இங்ஙனம்,
மாமி இராசமலர்,
ஆய்வாளர்.

பி.கு. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. தபாற்கந்தோருக்குப் போகவேண்டியிருந்ததால் இன்று கோயிலுக்குப் போகவில்லை. உறையின் பசையை நனைத்துவிட்டு, ஒட்டுமுன் மீன்களை ஒருமுறை பார்த்துவரலாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். ஹமீமா நின்றாள். ஒரு கையில் அ தகரம். மறு கையில் ஒரு கோப்பை. கோப்பைக்குள் இறால் தலைகளை அரைத்துச் சோற்றோடு பிசைந்து பிடித்த சிறு உருண்டைகள். ஆ தொட்டி மூலையில் திரண்டு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

“இது என்ன, ஹமீமா?”

“ஜும்ஆப் பகல் சாப்பாட்டுக்கு இறால் ஆக்கினா தல மிஞ்சும்தானே, அக்கா. அத எறியவா?”

“எத்தினை வெள்ளியாய்?”

“நீங்க தகரத்தத் தந்த மொத வெள்ளில இருந்துதான். அறிவியல்ல இரக்கத்துக்கு எடமில்லண்டு சென்னீங்க. நான் அறிவியல்ல ஒண்டும் போடல்ல. தொட்டிலதான் போட்ட.”

ஆய்வின் பன்னிரண்டு வாரத்தில் பத்து வெள்ளிக்கிழமைகள். ஆகவே மேலே கண்ட முடிவு, துணை அவதானிப்புகள் இரண்டும் உட்பட, செல்லாது. புதன்கிழமை வாசிக்க வேண்டாம். “நான் ஒத்தருக்கும் செல்ல மாட்டன், அக்கா, நீங்க அனுப்புங்க” என்று அவள் சொல்லத்தான் செய்தாள். உறையின் பசையும் ஈரமாகத்தான் இருந்தது. ஆயினும் அந்த இருபது மீன்களுக்கும் தெரியும். நாளும் இரண்டு தரம் அவற்றின் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான். மூன்று முறை திருத்தி எழுதிய கடிதம் என்பதால் கிழிக்கவில்லை.

உன் மாமாவிடமும் சொன்னேன். “அப்ப அதுகள் சைவமில்லையோ” என்று பெருமூச்சு விட்டு, “நாளைக்குச் சனிக்கிழமைதானே” என்றார். தொட்டிகளுக்குப் பலகை போட்டு மூடியிருக்கிறேன்.

வாரம் முழுதும் முருங்கையிலை, வெள்ளிதோறும் அதற்கு மேலாக எறியவிருந்த இறால் தலை. இதற்கு மீனுக்கு இருபத்தேழு கிராம் கூடியிருக்கிறது என்றால், அது உன் கையேட்டில் உண்டா என்று பார். இல்லையெனில் இன்னுமொரு தொட்டியும் அறுபது குஞ்சுகளும் அனுப்பு; இம்முறை ஒழுங்காகச் செய்கிறோம். சேலையைச் சலவையிலிருந்து திரும்ப எடுக்கவில்லை. அது அங்கேயே பன்னிரண்டு வாரம் இருக்கட்டும். அந்த அறிக்கையில் இரண்டு பெயர்கள் வரவேண்டும். இறால் தலை ஹமீமாவுடையது; நியாயப்படி அவள்தான் முதலாவது. அச்சில் இரண்டாவதாக வந்து எனக்கும் பழக்கம் உண்டு. ஆனால் ஆய்வறிக்கைகளில் பெயர்களை அகர வரிசைப்படி இடும் மரபு இருப்பதாக நூலகத்தில் வாசித்தேன். அவ்வரிசையில் இ முன்னாலும் ஹ கடைசியிலும் வருவதற்கு நான் பொறுப்பல்ல.