வயிற்றுப்போக்கும் சாக்குப்போக்கும்

என் தொழில் பஸ் ஓட்டுவது. மூன்று நாளாக வயிறு என்னை ஓட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று சுருட்டிப் பிடிக்கும். அடுத்த நிமிடம் ஓட வேண்டும். எந்த நிறுத்தத்தில் கழிப்பறை சுத்தம் என்று ஒரு புத்தகமே போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

செத்தாலும் டாக்டரிடம் போவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். போனால் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பார்த்து ஏதாவது பெரிய வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால்? மனைவிக்குத் தெரியக் கூடாது. அதனால் தண்ணீர்க் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டுத்தான் உள்ளே உட்காருவேன்.

நாலாம் நாள் காலை அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, உயிர் போகுதுங்க! டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க!”

அவளுக்கென்றால் சபதமாவது, ஒன்றாவது! கிளினிக்கில் அந்த வலியோடும் அவளே விறுவிறுவென்று போய் டோக்கன் வாங்கி வந்தாள். எனக்கு உறைக்கவில்லை.

“வலி எப்படி இருக்கு?” என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார்.

“எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை டாக்டர். என்னங்க, நீங்க சொல்லுங்களேன்.”

என் அனுபவம் முழுவதையும் அவளுக்குத் தானம் செய்தேன். “தொப்புளைச் சுத்தி முறுக்கும் டாக்டர். போயிட்டு வந்தா விட்டுடும்.”

“ரத்தம் போகுதா? காய்ச்சல்? எடை குறைஞ்சுதா?”

“இல்லவே இல்லை.”

“ராத்திரி தூக்கத்துல எழுப்புதா?”

“சேச்சே! குறட்டை விட்டுத் தூங்கறேன்... தூங்கறா.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “புதுசா ஏதாவது சாப்பிட ஆரம்பிச்சீங்களா?”

மனைவி கைப்பையைக் கவிழ்த்தாள். மேஜை முழுக்க மிட்டாய்த் தாள்கள். சர்க்கரை இல்லாத புதினா மிட்டாய். என் சட்டைப் பையில் இருந்தவை!

“ஒரு நாளைக்கு இருபது டாக்டர். சிகரெட்டை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணின வாய் மணக்க வேண்டாமா?”

“சர்க்கரைக்குப் பதிலா அதுல வேற இனிப்பு போடறாங்க. அளவு மீறினா குடலை முறுக்கி ஓட வைக்கும். வயித்துப்போக்குக்குக் காரணம் சாக்குப்போக்குதான் போலிருக்கு. படுங்க சார், அமுக்கிப் பார்த்துடறேன்.”

“நானா? நோயாளி அவ...”

டாக்டரம்மா டோக்கனைத் திருப்பிக் காட்டினார். ‘ஆண், வயது 48.’

படுத்தேன். அமுக்கிப் பார்த்தார். “பயப்படற மாதிரி ஒண்ணும் தெரியலை. மிட்டாயையும் சிகரெட்டையும் விடுங்க. ஒரு வாரத்துல சரியாகலைன்னா மட்டும் வாங்க.”

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வந்தது.

வெளியே வந்ததும் மனைவியைக் கேட்டேன். “எப்படிக் கண்டுபிடிச்சே?”

“மூணு நாளா டேங்க் காலி.”

“அப்போ உன் வயித்துவலி?”

“அதுவா? நீங்க படுத்தினதுல வந்துச்சு. நீங்க படுத்ததும் போயிடுச்சு.”