குன்றின்மேல் மட்டும் மழை

கும்ப மாசத்து வெயில். ஆகாசத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. ஆனால் கரமனைக்கு அருகே குன்றின்மேல் இருந்த மழைமானியில் கால் அங்குலம் தண்ணீர் நின்றது. சேஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு தரம் அளந்தார். கால் அங்குலமேதான்.

பன்னிரண்டு வருஷமாக டெம்பரவரி அப்சர்வர் அவர். தினம் காலை எட்டு மணிக்கு மழையை அளந்து மேலாபீசுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். போன வாரம்தான் கடிதம் வந்திருந்தது: 'இந்த நிலையத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. மாசக் கடைசியில் மூட உத்தேசம்.'

அன்று அவர் சாப்பிடவில்லை.

"அந்தப் பாழாப்போன பாத்திரத்துல கால் அங்குலம் விழுந்தாலாவது எழுதிப் பார்க்கலாம்" என்று மனைவி நாகலக்ஷ்மியிடம் புலம்பினார். ஐம்பது வயசுக்கு மேல் யார் வேலை கொடுப்பார்கள்? வீடே இழவு விழுந்த மாதிரி கிடந்தது.

இப்போது விழுந்திருக்கிறதே! மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாளும் விழுந்தது. குன்றுக் காவல்காரன் தங்கப்பனைக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் சயன்ஸ் படித்தவர், காவல்காரனிடம் போய் மழை பெய்ததா என்று கேட்பாரா?

உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதினார். கடலிலிருந்து வருவது ஈரமும் சூடுமான காற்று. மலையிலிருந்து இறங்குவது குளிர்ந்த, வறண்ட காற்று.

"ரெண்டும் ஒரே அடுக்களையில ரெண்டு ஓர்ப்படி மாதிரி, கேட்டியா? ஒண்ணோட ஒண்ணு கலக்காது" என்று நாகலக்ஷ்மிக்கு விளக்கினார். "கனத்த காத்து அடியில நுழையும். லேசான காத்து மேலே ஏறிக் குளிர்ந்து மழையாப் பெய்யும். அந்த எல்லைக்கோடு நம்ம குன்று மேல போறது!"

"ஏன்னா, இப்ப மூட மாட்டாளோல்லியோ?"

"எப்படி மூடுவா?"

மூடவில்லை. பதில்தான் வந்தது: 'நம்ப முடியவில்லை. இருபதடி தள்ளி இன்னொரு மழைமானி வைக்கவும்.'

வைத்தார். இரண்டிலும் கால் அங்குலம். பெருமை தாங்காமல் அதையும் எழுதினார். 'குன்றின் நாலு மூலையிலும் வைக்கவும். நேரில் வருகிறோம்' என்று தந்தி வந்தது.

"நாலா!" என்று நாகலக்ஷ்மி உட்கார்ந்தேவிட்டாள். கொஞ்ச நாளாக முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், பாவம். "நாலும் ஒரே மாதிரி இருக்கணுமா?"

"இல்லேன்னா என் கதை முடிஞ்சது."

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஸ்ரீனிவாசன், இதே காற்றுச் சண்டையைப் பற்றிக் கட்டுரை எழுதி ஊர் சிரிக்க வாங்கிக் கட்டிக்கொண்டவர். மூன்று நாள் காலை எட்டு மணிக்குத் தாமே அளந்தார். நாலிலும் கால் அங்குலம், மயிரிழை பிசகவில்லை.

"தரை காய்ஞ்சு கிடக்கே, ஐயா?"

"சுட்ட தரை, சார். விழுந்ததும் குடிச்சுடும்" என்றார் சேஷன்.

"இதுல துளசி இலை மிதக்கறதே?"

"மேல்காத்து, சார்! ஸ்ரீவராகம் கோவில் பக்கத்து வீடுகள்லேர்ந்து அடிச்சுண்டு வந்திருக்கு. காத்தோட திசைக்கே அது சாட்சி."

ஸ்ரீனிவாசன் கண் கலங்கிவிட்டார். "என்னைப் பைத்தியம்னு சொன்னா, ஐயா, எல்லாரும். இனிமே சொல்லட்டும்!" என்றவர், கொட்டகைக்குள் போய் உத்தரவை விரித்தார். "உம்ம வேலை இன்னியிலேர்ந்து பெர்மனெண்ட். ஆனா ஒரு நிபந்தனை. இன்னும் பத்து வருஷம், ஒரு நாள் விடாம இந்த மழையை அளந்து அனுப்பணும்."

சேஷனுக்குப் பன்னிரண்டு வருஷத்துக் கவலை ஒரே மூச்சில் இறங்கியது. நாகலக்ஷ்மியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஸ்ரீனிவாசன் பேனாவை மையில் தோய்த்தார். மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கப்பன் பதறிப்போய்க் கேட்டான்:

"பத்து வருஷமா? அய்யோ, ஸாறே, இப்பவே கால் முட்டுவலின்னு நாகலக்ஷ்மியம்மா அழுது கரையுது. இன்னும் பத்து வருஷம் விடியறதுக்கு முன்னே, வெளுப்பான் காலத்துல, தண்ணிக் குடத்தத் தூக்கிக்கிட்டு இந்தக் குன்னு ஏறி, நாலு பாத்திரத்துலயும் எப்படி அளந்து ஊத்தும்?"